‘நில்’ என்று எழுதிய பதிவேடு

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



‘அரசுப் பல்கலைக்கழகங்களில் பாலினச் சமத்துவக் கொள்கை – ஏட்டிலும் நடப்பிலும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் பேராசிரியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் எழுத்தராக இருக்கிறேன். கவிதை எழுதுகிறேன். கவிதைக்காரியைக் கூப்பிட்டால் ரெண்டு கவிதை வாசிச்சிட்டுப் போயிடுவா என்று நினைத்திருப்பீர்கள். இன்றைக்குக் கவிதை இல்லை. குமாஸ்தா வேலையில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் பேசப்போகிறேன். ஏனென்றால் இது முழுக்க முழுக்கக் காகித விஷயம். ஒரு காகிதம் எங்கே பிறக்கிறது, யார் மேசையில் தங்குகிறது, யார் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது, எந்த பீரோவில் செத்துப்போகிறது என்பதெல்லாம் கோட்பாடு பேசுகிறவர்களைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் அலுவலகத்தில் ‘நில் ரிப்போர்ட்’ என்று ஒன்று உண்டு. தலைமையகத்திலிருந்து சர்க்குலர் வரும்: இந்த மாதம் இன்ன வகைப் புகார் எத்தனை, தெரிவிக்கவும். ஒன்றும் இல்லையென்றால் ‘நில்’ என்று எழுதி முத்திரை குத்தி அனுப்பிவிட வேண்டும். சூன்யம் என்று அர்த்தம். ‘நில்’ என்று எழுதிவிட்டால் மேலே இருக்கிறவருக்கு சந்தோஷம், கீழே இருக்கிறவருக்கு நிம்மதி. உண்மையில் புகார் இல்லையா, புகார் சொல்ல வந்த ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பினோமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வார்த்தையைத் தமிழாக வாசித்தால் வேறு அர்த்தம் வருகிறது. நில். அங்கேயே நில். உள்ளே வராதே. நம்முடைய சனங்களுக்குப் பழக்கமான கட்டளைதான் அது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது என்று அறிக்கை தர வேண்டும். ஆயிரக்கணக்கான பெண்கள் படிக்கிற, வேலை பார்க்கிற ஒரு பல்கலைக்கழகம் வருஷா வருஷம் ‘நில்’ என்று எழுதினால், அதை நான் சமத்துவத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பயத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வேன்.

முதலில் இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். யாரோ படித்த மேல்தட்டுப் பெண்கள் கேட்டு வாங்கியது, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நம் தோழர்களே சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது உண்மையல்ல. 1992 செப்டம்பர். ராஜஸ்தானில் பட்டேரி என்ற கிராமம். பன்வாரி தேவி, குயவர் சாதியில் பிறந்த உழைக்கும் பெண். அரசாங்கத்தின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’, அதாவது தோழி, என்ற பெயரில் சொற்பக் கூலிக்கு வேலை பார்த்தவர். அரசாங்கம் செய்யச் சொன்ன வேலையைத்தான் செய்தார். குஜ்ஜர் குடும்பம் ஒன்றில் நடக்கவிருந்த குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அதற்குத் தண்டனையாகக் கணவரை அடித்துப்போட்டுவிட்டு அவரைக் கூட்டாக வன்புணர்ந்தார்கள். 1995இல் கீழ் நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்புணர்ச்சிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மேல்சாதிக்காரர்கள் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்கிற மாதிரியான தர்க்கம் அந்தத் தீர்ப்பில் இருந்தது. பகலில் தீட்டு, இருட்டினால் தீட்டில்லை என்கிற நியாயத்தை நம் சேரிப் பெண்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கொடுமையைத் தொடர்ந்து பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதால்தான் 1997 ஆகஸ்ட் 13இல் விசாகா தீர்ப்பு வந்தது. வேலை பார்க்கும் இடத்தில் பெண்ணின் பாதுகாப்பு முதலாளியின் பொறுப்பு என்று அந்தத் தீர்ப்புத்தான் முதலில் சொன்னது. பதினாறு வருஷம் கழித்து 2013இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று யுஜிசி தனி விதிமுறை கொண்டுவந்தது. 2015 விதிமுறை என்று பெயர். 2016 மே மாதம் அரசிதழில் வந்தது. வயல்காட்டில் ஒரு ஏழைப் பெண் கொடுத்த விலையில் வந்த சட்டம் இது. இன்றைக்குக் குளிர்சாதன அறையில் கண்ணாடிக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதைக் கழற்றிக் கீழே கொண்டுவர வேண்டியது நம் வேலை.

அந்த 2015 விதிமுறையை இங்கே எத்தனை பேர் வாசித்திருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம். நான் வாசித்தேன். நல்ல விதிமுறை. சில இடங்களில் ஆச்சரியமாகவும் இருந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பேராசிரியர் நிலையில் உள்ள ஒரு பெண் தலைவர். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். இரண்டு ஆசிரியர், இரண்டு ஆசிரியரல்லாத ஊழியர், வெளியிலிருந்து ஒருவர். மாணவர் சம்பந்தப்பட்ட விவகாரம் என்றால் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலை ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவராக மூன்று மாணவர்கள். அந்த மூவரும் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், புலத் தலைவர், துறைத் தலைவர் போன்றவர்கள் குழுவில் இருக்கவே கூடாது. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போதே, புகாருக்கு ஆளானவர் புகார் கொடுத்தவரின் தேர்வுத்தாளையோ ஆய்வையோ மதிப்பிடக்கூடாது என்று தடுக்கலாம். பணம் கொடுத்துச் சமரசம் பேசக்கூடாது. பிரதேசம், வர்க்கம், சாதி, சிறுபான்மை அடையாளம், பாலியல் நாட்டம், உடல் குறைபாடு ஆகியவற்றால் ஒருவர் இன்னும் எளிதாகத் தாக்கப்படலாம் என்பதையும், அவர்களுக்குப் புகார் கொடுப்பதும் இன்னும் கடினம் என்பதையும் விதிமுறையே ஒப்புக்கொள்கிறது.

சாதி என்ற சொல் அதில் இருக்கிறது, தோழர்களே. நாம் போராடிச் சேர்க்க வேண்டியதில்லை. ஏற்கெனவே எழுதியிருக்கிறது. நடைமுறையில்தான் காணாமல் போகிறது.

எப்படிக் காணாமல் போகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தேர்தல். நம் ஊரில் பல பல்கலைக்கழகங்களில் மாணவர் பேரவைத் தேர்தலே நடப்பதில்லை. அப்புறம் குழுவுக்கு மட்டும் எங்கே தேர்தல்? துறைத் தலைவர் ‘நல்ல பிள்ளை’ என்று நினைக்கிற மூன்று பேரின் பெயர் பட்டியலில் ஏறும். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 1999இலேயே ஒரு குழு இருந்தது. மாணவர், ஆசிரியர், ஊழியர் என்று தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். வேட்பாளர்கள் மேடையேறி மாணவர்களின் கேள்விக்குப் பதில் சொன்னார்கள். 2017இல் அதைக் கலைத்துவிட்டுச் சட்டப்படியான குழு என்று ஒன்றை நிர்வாகம் நியமித்தது. மாணவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். சட்டத்தின் பெயரைச் சொல்லியே ஜனநாயகத்தை வெளியேற்றிய கதை இது. கொள்கை இல்லாத இடத்தில் இருந்த நடைமுறையை, கொள்கை வந்து தின்றுவிட்டது.

அடுத்து, பல்கலைக்கழகத்தில் ‘பெண்’ என்றால் யார்? கொள்கை வகுக்கிறவர்கள் மனசில் பேராசிரியை வருகிறார், மாணவி வருகிறாள். காலை ஆறு மணிக்கு வந்து கழிப்பறை கழுவுகிற, விடுதியில் நானூறு பேருக்குச் சோறாக்குகிற, வளாகம் முழுக்கச் சருகு பெருக்குகிற பெண்கள் வருவதில்லை. அவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? பின்வரிசையைத் திரும்பிப் பாருங்கள். அவர்கள் கான்டிராக்ட் ஆள், பல்கலைக்கழக ஊழியர் இல்லை என்று நிர்வாகம் சொல்லும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தம், தினக்கூலி, ஏஜென்ட் மூலம் வந்தவர், சம்பளமே இல்லாமல் வேலை பார்ப்பவர் எல்லாருமே ஊழியர்தான் என்று 2013 சட்டம் தெளிவாகச் சொல்கிறது. குழுவில் இரண்டு ஆசிரியரல்லாத ஊழியர் இருக்க வேண்டுமே, அதில் ஒருத்தர் துப்புரவு வேலை பார்க்கிற அக்காவாக ஏன் இருக்கக் கூடாது? நான் விசாரித்த இடத்திலெல்லாம் சூப்பரிண்டெண்டும் உதவிப் பதிவாளரும்தான் இருக்கிறார்கள். புகார்ப் பலகை இங்கிலீஷில் இருக்கிறது. மேஸ்திரி கையைப் பிடித்து இழுத்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அந்தப் பலகையைத் தினமும் துடைக்கிற அக்காவுக்கே தெரியாது.

மூன்றாவது விஷயம்தான் நான் முக்கியமாகப் பேச வந்தது. இந்தக் கவுண்டர், அந்தக் கவுண்டர் பிரச்சினை. நான் வங்கிக் கவுண்டரைச் சொல்கிறேன். (சிரிப்பு)

என் சித்தி மகள் ஒருத்தி. குடும்பத்தில் முதல் முதுகலை. பல்கலைக்கழகம் ஒன்றில், பெயர் வேண்டாம், முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தாள். நெறியாளர் வீட்டில் விசேஷம் என்றால் ஆய்வு மாணவிகள் எல்லோரும் போவார்கள். மற்றவர்கள் கோலம் போடுவார்கள், பூக்கட்டுவார்கள். இவளுக்குப் பின்கட்டில் பாத்திரம். முதல் தடவை தற்செயல் என்று நினைத்தாள். மூன்றாம் தடவை புரிந்தது. அப்புறம் அவர் அறையில் தனியாக உட்காரவைத்துப் பேச்சு. ‘உங்க ஆளுங்க பொண்ணுங்களுக்கு இதெல்லாம் சகஜம்தானே’ என்று ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைப் பாருங்கள். அதில் சாதியை எடுத்தால் பாலியல் அத்துமீறல் பாதிதான் நிற்கும். பாலியல் அத்துமீறலை எடுத்தால் சாதி பாதிதான் நிற்கும். இரண்டும் ஒரே நூலில் முறுக்கியது.

அவள் மகளிர் புகார்க் குழுவுக்குப் போனாள். அங்கே இருந்த அம்மா ரொம்ப அன்பாகப் பேசியிருக்கிறார். ‘சாதி பத்திச் சொல்றியேம்மா, அதுக்கு எஸ்.சி. எஸ்.டி. செல் இருக்கு, அங்க குடு.’ அங்கே போனாள். அந்த அதிகாரி ஆண், நம் சமூகத்துக்காரர்தான். ‘இது பொம்பளைங்க விவகாரம்மா, நான் எப்படி விசாரிக்க முடியும், அங்கயே குடு.’ இப்படி இங்கேயும் அங்கேயும் நடந்ததில் மூன்று மாதம் போய்விட்டது. கடைசியில் ‘காலக்கெடு முடிந்தது’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்த வருஷ ஆண்டறிக்கையில் இரண்டு கவுண்டரிலுமே ‘நில்’ என்று இருந்திருக்கும். அவள் நெறியாளரை மாற்றிக்கொண்டு ஒன்றரை வருஷ வேலையைப் புதிதாக ஆரம்பித்தாள்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019 மே 22. மும்பை. பாயல் தட்வி, இருபத்தாறு வயது மருத்துவர், பழங்குடிச் சமூகத்தில் பிறந்தவர், மகப்பேறு மருத்துவ மேற்படிப்பு மாணவி. மாநகராட்சி நடத்துகிற மருத்துவக் கல்லூரி. மூத்த பெண் மருத்துவர்கள் மூன்று பேர் சாதியைச் சொல்லித் தொடர்ந்து துன்புறுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. தற்கொலை செய்துகொண்டார். பாலினக் கொள்கைக்குள் இந்தச் சாவு எங்கே பொருந்தும்? குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெண்கள். செத்ததும் பெண். ‘பெண்களுக்குள் பிரச்சினை’ என்று கொள்கை கையை விரிக்கும். சகோதரித்துவம் பேசுகிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சாதி பற்றிய 2012 யுஜிசி விதிமுறை அப்போது இருந்ததா? இருந்தது. ஏட்டில் இருந்தது. அதை நடைமுறைப்படுத்துங்கள் என்று கேட்டு 2019இல் உச்ச நீதிமன்றம் போனது யார் தெரியுமா? இரண்டு தாய்மார்கள். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17இல் பறிகொடுத்த ரோகித் வேமுலாவின் தாய் ராதிகா வேமுலா. பாயலின் தாய் ஆபிதா தட்வி. பிள்ளையைப் புதைத்த கையோடு தாய் போய்க் கேட்டால்தான் விதிமுறை அசையும் என்றால் அது என்ன விதிமுறை?

கோட்டயத்தில் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில் தீபா பி. மோகனன், தலித் ஆய்வாளர், சாதிப் பாகுபாட்டால் தன் ஆய்வு பத்தாண்டுகளாக முடங்கியது என்று 2021இல் பதினொரு நாள் உண்ணாவிரதம் இருந்தார். அப்புறம்தான் அந்த ஆய்வு மைய இயக்குநர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். குழு இருந்தது, செல் இருந்தது, ஆணையம் இருந்தது. ஆனாலும் ஒரு பெண் தன் வயிற்றைக் காயப்போட வேண்டியிருந்தது.

ஏன் ஆய்வு மாணவிகளே அதிகம் மாட்டுகிறார்கள்? எங்கள் கவுண்டருக்கு வாங்க, சொல்கிறேன். ஆய்வு உதவித்தொகை வாங்கும் பிள்ளைகள் வந்து பாஸ்புக்கை நீட்டி ‘அக்கா, பணம் ஏறிடுச்சா’ என்பார்கள். ஏறியிருக்காது. ஏன் என்றால், ‘கைடு இன்னும் கையெழுத்துப் போடல’ என்பார்கள். பல உதவித்தொகைகளில் இந்த ஆள் ஒழுங்காக ஆய்வு செய்கிறார் என்று நெறியாளர் உறுதி சொன்னால்தான் பணம் நகரும். அந்தப் பணத்தில்தான் மெஸ் பில், அம்மாவுக்கு மாத்திரை, தம்பிக்குப் பீஸ். அந்தக் கையெழுத்தைப் போடுகிற கைதான் அத்துமீறுகிற கையாகவும் இருந்தால் அவள் எங்கே போவாள்? வசதியான வீட்டுப் பெண் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போகலாம். நம் வீட்டுப் பிள்ளை ஊருக்குப் போனால் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம்.

இதில் சட்டத்தின் பெரிய ஓட்டை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். காரணம் எழுதினால் இன்னொரு மூன்று மாதம் நீட்டலாம். ஆய்வுக்கோ ஐந்து வருஷம். ‘வைவா முடியட்டும், பட்டம் கைக்கு வரட்டும், அப்புறம் சொல்றேன்’ என்றுதான் எந்தப் பெண்ணும் நினைப்பாள். பட்டம் வரும்போது சட்டம் கதவைப் பூட்டிவிட்டுப் போயிருக்கும். நெறியாளரின் பிடியில் இருக்கும் காலம் முழுவதும் காலக்கெடு ஓடக்கூடாது என்று நாம் கேட்க வேண்டும். ஆய்வு மாணவர்கள் கூடுதலாகப் பாதிக்கப்படக்கூடியவர்கள், நெறியாளர்களுக்கு ஒழுக்க நெறி வகுக்க வேண்டும் என்று விதிமுறையே சொல்கிறதே, அப்படியானால் மூன்று மாதம் எப்படிப் பொருந்தும்?

நடைமுறை என்கிறோமே, அது சரியாக இல்லாவிட்டால் யாருக்கு லாபம் என்பதற்குக் கோவா பல்கலைக்கழக வழக்கு ஒன்றே போதும். 2009இல் மாணவிகள் ஒரு துறைத் தலைவர்மேல் புகார் கொடுத்தார்கள். குழு விசாரித்தது. அவர் வேலையை விட்டு நீக்கப்பட்டார். 2023 மே 12இல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. காரணம், குழு அவசர அவசரமாக விசாரித்தது, தன் தரப்பைச் சொல்ல அவருக்குப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்பது. விசாரணையை மறுபடி நடத்தச் சொன்னது. அதே தீர்ப்பில், சட்டம் வந்து இத்தனை ஆண்டாகியும் அமலாக்கம் பரிதாபமாக இருக்கிறது என்று சொல்லி, குழுக்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சரிபார்க்க அரசாங்கங்களுக்கு உத்தரவிட்டது. பதினாலு வருஷம் கழித்து அந்த மாணவிகளை மறுபடி சாட்சி சொல்லக் கூப்பிட்டால் அவர்கள் எங்கே இருப்பார்கள்? ஆகவே முறைப்படி விசாரிப்பது என்பது ஆண்களுக்குக் காட்டும் சலுகை அல்ல. புகார் கொடுத்தவளின் நீதி கடைசிவரை நிற்க வேண்டுமானால் நோட்டீஸ், பதில், சாட்சி, குறுக்குக் கேள்வி எல்லாம் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். சம்பவத்தின் கொதிப்பில் முறையை உதறினால் எதிராளிக்குத்தான் சாவி கிடைக்கும்.

விடுதிக்கு வருவோம். 2024 டிசம்பரில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி தாக்கப்பட்டாள். பிஸ்டல் ஏந்திய காவல் இல்லை என்பதல்ல அங்கே பிரச்சினை. அவள் துணிந்து புகார் கொடுத்த பிறகு, அவளுடைய அடையாளம் உள்ள முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. உயர் நீதிமன்றம் மூன்று பெண் காவல் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்தது. அவளுக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இப்படி ஒன்று நடந்ததும் நிர்வாகங்கள் முதலில் செய்வது என்ன? பெண்கள் விடுதிக் கேட்டை ஒரு மணி நேரம் முன்னாடி பூட்டுவது. குற்றம் செய்தவன் வெளியே, பூட்டு பெண்களுக்கு.

நான் இருந்த விடுதியில் ஆறு மணிக்கு வருகைப் பதிவு. பையன்கள் விடுதியில் வருகைப் பதிவு நோட்டே கிடையாது. நூலகம் எட்டு மணி வரை திறந்திருக்கும். ஆக அந்த இரண்டு மணி நேரப் படிப்பு ஆம்பளைப் பிள்ளைகளுக்கு மட்டும். வீட்டில் புத்தகம் இருக்கிற பெண்ணுக்கு அது நஷ்டமில்லை. புத்தகத்தை நூலகத்தில் மட்டுமே பார்க்க முடிந்த எங்களுக்கு நஷ்டம். நலவிடுதிகளுக்கு 2025இல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். பெயர் நல்ல பெயர். பூட்டு மாறியதா என்று அங்கே இருக்கிற தங்கைகள்தான் சொல்ல வேண்டும்.

பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் விடுதியில் போடக்கூடாது என்று அதே யுஜிசி விதிமுறை சொல்கிறது. வார்டன்களுக்குத் தெரியாது; தெரிந்தாலும் சொல்ல மாட்டார்கள். டெல்லியில் 2015இல் மாணவிகள் ‘பிஞ்ச்ரா தோட்’, கூண்டை உடை, என்று கிளம்பினார்கள். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் 2022இல் உயர் நீதிமன்றம் போய், கடைசியில் ஆண் பெண் இருவருக்கும் ஒரே நேர விதி என்று அரசாணை வரவைத்தார்கள். சும்மா வரவில்லை.

இனி வேலைக் கணக்கு. படிக்க வருகிற பெண்கள் கூடியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. 2021–22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4, பெண்களுக்கு 28.5. பெண்கள் ஆண்களைத் தொட்டுவிட்டார்கள் என்று கொண்டாடினார்கள். பட்டியல் சாதியினருக்கு 25.9. தமிழ்நாட்டின் மொத்த விகிதம் 47. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 2022இல் வந்த திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கணக்கில் ஏறியது. எங்கள் கவுண்டரில் அந்தப் பணத்தை எடுக்க வரும் பெண்களின் முகத்தைப் பார்த்தவள் நான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி வேறு. படிக்க வந்தவள் கற்பிக்கிறவளாக, கையெழுத்துப் போடுகிறவளாக எப்போது ஆவாள்?

கணக்குப் போடுவோம். தமிழ்நாட்டு இட ஒதுக்கீட்டில் பட்டியல் சாதிக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடிக்கு 1. பெண்களுக்கு 1989இல் தொடங்கிய 30 விழுக்காடு தனிப் பெட்டி அல்ல, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் குறுக்கே ஓடுவது. 2021இல் அதை 40 ஆக்குவோம் என்று அறிவித்தார்கள். நம் கணக்குக்கு முப்பதையே வைத்துக்கொள்வோம். நூறு ஆசிரியர் இடத்தில் பட்டியல் சாதிப் பெண்களுக்கு நாலரை. அருந்ததியப் பெண்ணுக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. பழங்குடிப் பெண்ணுக்கு 0.3. அதாவது அவளுக்கு ஒரு முழு நாற்காலி கிடைக்க முந்நூறுக்கு மேல் நியமனம் நடந்தாக வேண்டும். நியமனமே நடக்காமல் கௌரவ விரிவுரையாளரை வைத்து ஓட்டும்போது இந்த மூன்றும் சுழியம். நடந்தாலும் ‘தகுதியுடையோர் எவரும் இல்லை’ என்று கோடு கிழிப்பார்கள். அதுவும் ஒரு ‘நில்’தான்.

திருநங்கை, திருநம்பித் தோழர்கள் விஷயத்திலும் இதே முடிச்சு. அவர்களை ஒரு பிரிவுக்குள் அடைத்தால், தலித்தாகப் பிறந்த திருநங்கை சாதியை விடுவதா பாலினத்தை விடுவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அதனால்தான் கிரேஸ் பானு போன்ற தோழர்கள் குறுக்கே ஓடும் ஒதுக்கீடு கேட்கிறார்கள். மறுபடி அதே கேள்விதான்: ஒரே உடம்பை இரண்டு கவுண்டரில் எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

நம் பக்கத்தையும் பேசாமல் போனால் நேர்மையாக இருக்காது. இயக்கத்துக்குள், மாணவர் அமைப்புக்குள் ஒரு பெண் தோழர் மேல் அத்துமீறல் நடந்தால் என்ன சொல்கிறோம்? ‘வெளிய தெரிஞ்சா எதிரிக்கு வசதி. முதல்ல சாதியை ஒழிப்போம், அப்புறம் இதைப் பார்ப்போம்.’ இதைச் சொல்வதற்கு அம்பேத்கர் படத்தின் கீழே உட்கார்ந்திருப்போம். அண்ணல் அப்படிச் சொன்னவர் இல்லை. 1942 ஜூலையில் நாகபுரியில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்களின் மாநாட்டில், பெண்கள் எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அளப்பேன் என்ற கருத்தைச் சொன்னவர். 1951இல் இந்துச் சட்ட மசோதாவைக் கிடப்பில் போட்டதற்காக அமைச்சர் பதவியை விட்டு வெளியேறியவர். பூலே தம்பதியர் பள்ளியில் படித்த முக்தாபாய் என்ற மாங் சாதிச் சிறுமி 1855இல் எழுதிய கட்டுரையில், கூரை இல்லாமல் பிள்ளை பெறுகிற தன் சாதிப் பெண்களைப் பற்றி எழுதினாள். பதினாலு வயசு. சாதியையும் பெண்ணையும் அவள் தனித்தனிக் கவுண்டருக்கு அனுப்பவில்லை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தும் வேலையும் கேட்டது. நமக்கு இது இரவல் சரக்கு இல்லை. பார்ப்பனியம் என்பது சாதி அடுக்கு மட்டுமல்ல. அந்த அடுக்கைக் காப்பாற்றப் பெண்ணின் உடம்பைக் காவல் காப்பதும் அதுதான். ஒன்றை விட்டு ஒன்றை ஒழிக்க முடியாது.

பொய்ப் புகாரைப் பற்றித் தம்பி ஒருவர் துண்டுச் சீட்டு கொடுத்திருக்கிறார். நம் பையன்களை மாட்டிவிட இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த மாட்டார்களா என்று. நியாயமான பயம்தான். சாதி ஆதிக்கம் எந்தச் சட்டத்தையும் திருப்பும். ஆனால் வேண்டுமென்றே பொய் சொன்னால் நடவடிக்கை என்று சட்டத்திலேயே இருக்கிறது. புகாரை நிரூபிக்க முடியாததால் மட்டும் அது பொய்யாகாது என்றும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி ஆதிக்க சாதிக்காரன் என்ன சொல்கிறான்? ‘பொய் வழக்கு.’ அதே வார்த்தையை நாம் நம் தங்கச்சிகள் பக்கம் திருப்பலாமா? தேர்ந்தெடுத்த குழு, குழுவுக்குள் தலித் பெண், முறையான விசாரணை இருந்தால் நம் பையனுக்கும் அதுதான் பாதுகாப்பு.

என்ன செய்யலாம்? போராட்டம் அறிவிக்க எனக்கு அதிகாரமில்லை. குமாஸ்தா புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன். தகவல் உரிமைச் சட்டம் 2005. மனுவுக்குப் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் தர வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஆறு கேள்வி அனுப்புங்கள்.

ஒன்று, புகார்க் குழு உறுப்பினர் யார் யார், எப்போது அமைத்தது, அதில் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் எத்தனை பேர்? இரண்டு, மாணவர் பிரதிநிதிகளுக்கு எந்தத் தேதியில் தேர்தல் நடந்தது? மூன்று, வெளி உறுப்பினர் யார், எத்தனை கூட்டத்துக்கு வந்தார்? நான்கு, ஐந்து ஆண்டுகளில் வந்த புகார் எத்தனை, காலக்கெடு என்று தள்ளியது எத்தனை, வேறு செல்லுக்கு அனுப்பியது எத்தனை? ஐந்து, ஒப்பந்தப் பெண் தொழிலாளர்களுக்குத் தமிழில் இந்தச் சட்டத்தை விளக்கிய கூட்டம் எப்போது நடந்தது? ஆறு, ஆண்கள் விடுதி, பெண்கள் விடுதி நேர விதிகளின் நகல்.

பெயர் கேட்காதீர்கள். புகார் கொடுத்தவர் யார் என்று தோண்டாதீர்கள். எண்ணிக்கை போதும். நான்காவது கேள்வியின் கடைசிப் பகுதி முக்கியம். ‘வேறு செல்லுக்கு அனுப்பியது’ என்ற எண்ணில்தான் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த எண் கையில் கிடைத்தால் இரண்டு குழுவும் ஒன்றாக உட்கார்ந்து விசாரிக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு ஆதாரம் ஆகிவிடும். பதில் வராவிட்டால் மேல்முறையீடு. மழுப்பலாக வந்தால் அதையே நோட்டீஸாக அச்சடித்து மெஸ் வாசலில் ஒட்டுங்கள். கூடவே 2015 விதிமுறையைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். நல்ல தமிழ் வேண்டாம், பின்வரிசை அக்காக்களுக்குப் புரிகிற தமிழ் போதும். இயக்கமும் முதலில் தனக்கென்று ஒரு குழுவை அமைத்துவிட்டு அப்புறம் துணைவேந்தரிடம் போகட்டும்.

மனு மாதிரியை இருபது நகல் எடுத்து வந்திருக்கிறேன். வாசல் மேசையில் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் எடுத்து நிரப்புங்கள். பேனா இல்லாதவர்கள் என்னிடம் கேளுங்கள். வங்கியில் பேனாவைக் கயிற்றில் கட்டித்தான் வைப்போம். இங்கே அவிழ்த்துக் கொண்டுவந்திருக்கிறேன்.

ஜெய் பீம்.